பூக்கட்டும் விரல்

என் அம்மா நோட்டில் எழுதிய ஓர் எண் நாலைந்து மாதமாக மனதைக் கிண்டிக்கொண்டே இருக்கிறது. 118. அதற்கு அடுத்த நாள் 122. அப்புறம் 116, 119, 124, மறுபடியும் 118. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. தேதி, கிழமை, பக்கத்தில் ‘வெ.வ.’ என்று வெறும் வயிற்றுக்கு ஒரு சுருக்கம். அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகச் செதுக்குவதுபோல எழுதுவாள். அந்த நோட்டைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் டீச்சர்களிடம் போட்டோ காட்டி, “எங்க அம்மா எவ்வளவு ஒழுங்கா சுகர் பாக்குறாங்க தெரியுமா” என்று சொல்லியிருக்கிறேன். அந்த எண்களில் பெரும்பாலானவை அவள் ரத்தத்திலிருந்து வந்தவை அல்ல. அவளாக யோசித்து எழுதியவை.

அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. அப்பா போன பிறகு மதுரை வில்லாபுரத்தில் தனியாக இருக்கிறாள். நான் திருமங்கலத்தில் இருக்கிறேன், சனி ஞாயிறு வருவேன். அண்ணன் கோயம்புத்தூரில். எங்கள் தெருவில் சுகர் இல்லாத வீட்டை எண்ணுவதுதான் சுலபம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னபோது எங்கள் பக்கம் யாரும் ஆச்சரியப்படவில்லை.

அம்மா பூக்கட்டுகிறவள். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க அவள் விரலில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து தெருமுனைக் கடைக்காரர் மல்லிகை மொட்டு கொண்டுவந்து கொடுப்பார். காலையில் வந்த மொட்டு சாயங்காலம் விரியத் தொடங்கிவிடும், அதற்குள் கட்டி முடிக்க வேண்டும். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காம்புகளை எதிரெதிராக அடுக்கிப் பிடித்து, ஈர வாழைநாரை வலது கை விரல்களால் சுற்றி முடிச்சுப் போட்டு இழுப்பாள். ஒரு முழத்துக்கு எத்தனையோ முடிச்சு. முகூர்த்த நாளென்றால் விடியற்காலை மூன்று மணிக்கே உட்கார்ந்துவிடுவாள். நார் அறுத்து அறுத்து அந்த விரல் நுனிகள் தடித்துப்போயிருக்கும். ஆனாலும் மொட்டு நசுங்காத அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும் விரல் நுனிக்குத்தான் தெரியும்.

அந்த நுனியில்தான் தினமும் ஊசி குத்தச் சொன்னோம்.

412

போன தை மாதம். பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் பிள்ளைகளும் வந்திருந்தோம். அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. பேச்சு சுகர் பக்கம் திரும்பியதும் அண்ணன், “எங்க, இப்பப் பாரு” என்று மிஷினை எடுத்து வந்தான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரலை நீட்டினாள். 412 என்று வந்தது.

அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அண்ணன் சத்தம் போட்டான். “இவ்வளவு நாளும் என்னதான் தின்னுக்கிட்டிருந்த? எங்களை ஏமாத்துறியா?” நானும் என் பங்குக்குக் கேட்டேன். சர்க்கரைப் பொங்கலுக்கு எடுத்து வைத்த முந்திரி, திராட்சை எல்லாம் அப்படியே கிடந்தது. பேரப்பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 176. சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாத சர்க்கரை நோயாளிக்கு அது சாதாரண எண். அங்கிருந்த நர்ஸ்தான் கேட்டார்: “கையில இனிப்பு ஏதும் தொட்டீங்களாம்மா?”

உடம்பில் ஓடுகிற ரத்தம் மொத்தமும் சேர்த்து ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை ஐந்து கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. வீட்டு மிஷின் உறிஞ்சுகிற சொட்டு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. அதில் இருக்கும் சர்க்கரை கண்ணுக்கே தெரியாது. அதில் விரல் ரேகைக்குள் ஒட்டிய வெல்லத்தின் சுவடு கலந்தால் எண் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும். மாம்பழம், ஆரஞ்சு உரித்த கையிலும் இதே கதைதான். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது, தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தாலும் சொட்டு நீர்த்துப்போய் எண் தப்பாகும். இதெல்லாம் அன்றைக்கு நாங்கள் படித்த பாடம்.

அம்மா படித்த பாடம் வேறு. எண் பெரிதாக வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் பார்த்துவிட்டாள். ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன், “சரி விடும்மா, மிஷின் தப்பு” என்றான். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் தினமும் காலையில் பார்த்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அவள் நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று மனதார நம்பினோம். தினமும் காலை ஆறரைக்கு அவள் குரல் வரும்: “இன்னைக்கு நூத்திப் பதினெட்டு.” அண்ணன் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை போடுவான். ஒரு நாள் அவள் 139 என்று சொன்னதற்கு, “நேத்து என்ன சாப்பிட்ட?” என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு 130-ஐத் தாண்டி அவள் சொன்னதே இல்லை.

மிஷினுக்கு ஞாபகம் உண்டு

ஆனி மாதக் கடைசியில் மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தோம். 9.2. டாக்டர் நோட்டைப் புரட்டினார், ரிசல்ட்டைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். 9.2 என்றால் மூன்று மாதமும் ராப்பகலாகச் சேர்த்து சராசரி 217 என்று கணக்கு. காலையில் 118, 120 என்று இருக்கிறவருக்கு மற்ற நேரங்களில் மிக அதிகமாக ஏறினால்தான் இது வரும். அப்படியும் நடக்கலாம், ரத்தசோகை இருந்தாலும் இந்த டெஸ்ட் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருந்தது. “அடுத்த தடவை வரும்போது மிஷினையும் கொண்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் குளிக்கப் போன நேரத்தில் மிஷினை எடுத்தேன். ஓர் அழுத்து அழுத்தினால் கடைசியாகப் பார்த்த எண்ணும் தேதியும் நேரமும் வரும், இன்னோர் அழுத்தில் அதற்கு முந்தியது. கடைசி எண் மார்ச் மாதத்தது. 236. அதற்கு முன்னால் 187. அதற்கும் முன்னால் 212. பொங்கலிலிருந்து அதுவரைக்கும் மொத்தம் ஒன்பதே ஒன்பது. அந்த 412-ம் அங்கே பத்திரமாக இருந்தது. பீரோவைத் திறந்தேன். பட்டுச்சேலைகளுக்கு அடியில் நான் மாதம் தவறாமல் வாங்கிக் கொடுத்த, மிஷினில் செருகி ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் பெட்டிகள் மூன்று, மேலே ஒட்டிய தாள்கூடக் கிழிக்காமல்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான் டீச்சர். காப்பியடித்த பிள்ளையைப் பிடித்ததுபோல ஒரு வேகம் வந்தது. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, கட்டிலில் நான் பரப்பி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். ஓடவில்லை, மறுக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அதுக்கு ஞாபகம் இருக்கும்னு எனக்குத் தெரியாது தாயி” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. அப்புறம் அவளே பேசினாள். விரல் வலித்ததாம். அதுவும் முதலில் ஆள்காட்டி விரலில்தான் குத்திக்கொண்டிருந்தாள். மிஷின் விற்ற கடையில் யாரோ அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள். குத்திய இடத்தில் ஈர நார் உரசினால் உயிர் போகிறது, வலியில் காம்பை அழுத்திவிட்டால் மொட்டு உதிர்கிறது. கூலி வேலை, கடைக்காரர் சும்மா இருப்பாரா? “ஒரு நாள் குத்தாம எழுதுனேன். நீங்க ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டீங்க. அப்புறம் என்னத்துக்குக் குத்தணும்?”

அதற்கப்புறம் அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். தாத்தா கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதியவர். அவருக்கும் சர்க்கரை. அந்தக் காலத்தில் ரத்தம் பார்க்க மிஷின் ஏது? சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசல் என்கிற நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், ஆரஞ்சு, ரொம்ப இருந்தால் செங்கல் கலர். பாட்டி அடுப்படித் திண்ணையில் அதைக் காய்ச்சும்போது பிள்ளைகள் ஐந்து பேரும் சுற்றி நிற்பார்களாம். “பச்சை வந்தா அப்பா சிரிப்பாரு. செங்கல் வந்தா அன்னைக்கு வீட்டுல ஒருத்தரும் பேச மாட்டோம். அம்மா சோத்தைக் குறைச்சு வைக்கும். அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிடுவாரு.” தாத்தாவுக்குக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழாயின் கலர் அம்மாவின் பத்து வயதிலேயே அவளுக்குள் போய்விட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவும் அவளுக்கு அந்த அடுப்படித் திண்ணையாகவே இருந்திருக்கிறது.

அந்த நீல மருந்து சொன்ன சேதியும் பழைய சேதி. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை மூத்திரத்தில் விடும். அதுவும் சில மணி நேரமாகச் சேர்ந்தது. நீலம் வந்தால் 80-ஆ 170-ஆ என்று தெரியாது. தாத்தா தலை குனிந்து சாப்பிட்டது முந்தின வேளைக்கு. அவருக்கு என்ன செய்தால் மறுநாள் பச்சை வரும் என்று அந்தக் குழாய் ஒருநாளும் சொன்னதில்லை.

எண்ணை யாருக்காகப் பார்ப்பது

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எண்ணெண்ணாக யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையான எண்கள் துள்ளும். 187, 236, 212 என்று தாறுமாறாகப் போகும். 116-க்கும் 124-க்கும் நடுவிலேயே ஐந்து மாதம் ஒரு மனித உடம்பு இருக்காது. நான் தினமும் அந்த எண்ணைக் கேட்டேன், ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. படித்திருந்தால் பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கும்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. 1984-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நோயாளிகளுக்குத் தெரியாமல் மீட்டருக்குள் நினைவுச் சில்லு வைத்து, அவர்கள் நோட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பலருடைய நோட்டு மீட்டரோடு பொருந்தவில்லை. பார்க்காமலே எழுதிய எண்கள் இருந்தன. பார்த்த பெரிய எண்ணைச் சின்னதாக மாற்றியவையும் இருந்தன. ஊர் எதுவானாலும், படிப்பு எவ்வளவானாலும், டாக்டரிடம் திட்டு வாங்கப் பயப்படுகிற மனசு ஒன்றுதான்.

வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்கிற அமெரிக்க இன்ஜினியர். 12 வயதிலிருந்து சர்க்கரை நோய். 1970 வாக்கில் வந்த அந்த மீட்டர் ஒரு கிலோவுக்கு மேல் எடை, டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்பார்கள். இவர் மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கி, ஒரு நாளைக்குப் பல தடவை பார்த்தார். இதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது, இவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தன் உடம்பிடம் தானே கேள்வி கேட்டார். பிற்பாடு அவரே மருத்துவம் படித்து டாக்டரானார். வீட்டுச் சோதனை இப்படித்தான் பிறந்தது. கேட்டவரும் அவரே, பதிலைப் பயன்படுத்தியவரும் அவரே. எங்கள் வீட்டில் ஊசிக் குத்து அம்மாவுக்கு, எண் எங்களுக்கு. அந்த எண்ணை வைத்து அம்மா என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் மனதை அறுத்தது. அண்ணன் 139-க்குக் கேள்வி கேட்டான் இல்லையா? வீட்டு மீட்டர்களுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. 2013-இல் அதை இறுக்கினார்கள். இறுக்கிய பிறகும், 100-க்கு மேற்பட்ட எண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பதே விதி. அதாவது லேபில் 120 என்று வரும் ரத்தம் வீட்டு மிஷினில் 102 என்றும் காட்டலாம், 138 என்றும் காட்டலாம், இரண்டுமே நல்ல மிஷின்தான். 124-க்கும் 139-க்கும் நடுவில் இருந்ததாக நாங்கள் நினைத்த குற்றம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. அதற்காக ஒரு கிழவியை விசாரித்திருக்கிறோம்.

மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுக்கச் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சே வரவில்லை. “தாத்தா கதை எனக்கும் தெரியாதுல்ல” என்றான். சாயங்காலம் குழுவில் எழுதாமல் அம்மாவுக்கே போன் செய்து பேசினான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மோதிர விரல்

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலப் பெண்ணிடம் அம்மாவே நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அம்மாவின் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “பூக் கட்டும்போது எந்த விரல் சும்மா இருக்கும்மா?” ஐந்து மாதத்தில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. மோதிர விரலும் சுண்டு விரலும் சும்மாதான் இருக்கும். “அப்ப அதுல குத்துங்க. நுனியில வேண்டாம், நகத்துக்குப் பக்கவாட்டுல.” நுனியின் நடுவில்தான் தொடு உணர்வு அதிகம், வலியும் அதிகம். பக்கவாட்டில் குத்தினால் பொருள்களில் உரசாமல் ஆறிவிடும். ஊசிப் பேனாவின் தலையைத் திருகினால் எண் மாறும், அதுதான் ஆழம் என்பதையும் அவர்தான் காட்டினார். அம்மாவின் பேனா வாங்கிய நாளிலிருந்தே ஐந்தாம் எண்ணில், அதாவது இருப்பதிலேயே ஆழமான அளவில் இருந்திருக்கிறது. இப்போது மூன்றில் இருக்கிறது. குத்துவதற்கு முன் கையைத் தொங்கவிட்டு உதறினால் சொட்டு தானாக வரும், விரலைப் பிழிந்தால் ரத்தத்தோடு சதை நீரும் கலந்து எண் கெடும். மதுரை வெயிலில் ஸ்ட்ரிப் டப்பாவை ஜன்னலோரம் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது, ஒன்றை எடுத்ததும் மூடியை இறுக்கிவிட வேண்டும். அம்மா அதை இப்போது அரிசி டின்னுக்குப் பக்கத்தில், வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறாள். குத்திய ஊசிகளைப் பழைய கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறாள், குப்பை பொறுக்குகிறவர்கள் கையில் குத்திவிடக் கூடாது என்று.

அப்புறம் தினமும் பார்ப்பதை நிறுத்தினோம். டாக்டரிடம் கேட்டுத்தான் செய்தோம். இன்சுலின் போடுகிறவர்கள் விஷயம் வேறு, அவர்கள் எண்ணைப் பார்க்காமல் ஊசி அளவு போட முடியாது. மாத்திரையில் இருக்கிறவர்கள் தினமும் காலையில் ஒரு தடவை பழக்கத்துக்குக் குத்திப் பார்ப்பதால் மட்டும் சராசரி பெரிதாக இறங்குவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய்க்குக் குறையாமல் வாங்குகிறோம், அதை வீணாக்குவானேன்? வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஜோடி ஜோடியாக. எந்தச் சாப்பாடு என்று அம்மாவே முடிவு செய்வாள். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் பூதான், கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த மாதம் முழுவதும் அவள் தன் உடம்பைத் தானே சோதித்தாள்.

முதல் கேள்வி அவளுடைய கேப்பைக் கூழ். சுகருக்குக் கேப்பை நல்லது என்று யார் வீட்டிலும் சொல்வார்கள். காலையில் இரண்டு செம்பு குடிப்பாள், இட்லியைவிட இது மேல் என்று நம்பிக்கை. கூழுக்கு முன் 148, பின் 251. அவளால் நம்ப முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தாள், 243. கேப்பையிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது, அரைத்துக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் செரித்து ரத்தத்துக்குப் போய்விடுகிறது. அதே கேப்பையில் ஓர் அடை, கூடவே கீரையும் ஒரு முட்டையும் என்று அடுத்த வாரம் பார்த்தபோது 141-லிருந்து 189. இரண்டாவது கேள்வி கருப்பட்டிக் காப்பி. அது சீனி இல்லை, அதனால் ஒன்றும் செய்யாது என்று எங்கள் தெருவே நம்புகிறது. 134-லிருந்து 202. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் என்று நான் பத்து வருடமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. அவள் மோதிர விரல் ஒரே காலையில் சொல்லிவிட்டது. காப்பியில் இப்போது ஒன்றும் போடுவதில்லை. பழகிப்போச்சு என்கிறாள். உதடு கொஞ்சம் சுளிக்கத்தான் செய்கிறது.

அதே ஆடியில் அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் கூட்டிப் போனேன். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய இடம். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒரு தடவை மருந்து ஊற்றிக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தோம், இந்த வருடம் நோட்டு நன்றாக இருக்கிறதே என்ற தைரியம் வேறு. விழித்திரையில் தொடக்க நிலை மாற்றம் இருக்கிறது, சர்க்கரையைக் குறைத்தால் இத்தோடு நிறுத்தப் பார்க்கலாம், அடுத்த வருடம் தவறாமல் வாருங்கள் என்றார்கள். மொட்டின் காம்பைப் பார்க்கிற கண். திரும்பி வரும்போது மருந்து ஊற்றிய கண் கூசாமல் இருக்க அம்மா என் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வெளுத்த நோட்டு என் கைப்பையில்தான் இருந்தது.

ஆவணியில் முகூர்த்தம் தொடங்கியது. ஒரு நாள் காலை ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, மாலைக்கு ஆள் காத்திருக்கிறார் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பத்தே முக்காலுக்குக் கை நடுங்கி நார் நழுவியது. உடம்பெல்லாம் வேர்த்தது. இது அவளுக்குப் புதிதல்ல. முகூர்த்த நாளில் அடிக்கடி வரும், பசி மயக்கம் என்று ஒரு காப்பியைக் குடித்துவிட்டு உட்காருவாள். அன்றைக்கு மட்டும், “ஏன் நடுங்குதுன்னு பாப்போம்” என்று தானே கையைக் கழுவித் துடைத்துக் குத்தியிருக்கிறாள். 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, உடனே கவனிக்க வேண்டும். தன்னார்வலர் சொல்லிக் கொடுத்தபடி மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி பார்த்தால் 84. அதற்கப்புறம் மூன்று இட்லி. எல்லாம் முடிந்துதான் எனக்குப் போன் வந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்து மாதமும் நோட்டில் 118 என்று ஓடிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு பக்கம் 240, இன்னொரு பக்கம் ஆள் இல்லாத வீட்டில் 58. கூடுவதை மட்டுமே பார்த்துப் பயந்த நாங்கள் இந்த இறக்கத்தைக் கனவிலும் நினைக்கவில்லை. 9.2 என்ற சராசரியை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டியிருந்தால் ஏதாவது ஒரு முகூர்த்தக் காலையில் அவள் பூக்கூடைக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்திருப்பாள். டாக்டர் அந்த இரண்டு எண்ணையும் பேனாவால் வட்டம் போட்டார். அம்மா போடுகிற கிளிமிபிரைடு, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை என்று விளக்கி, அதை மட்டும் பாதியாகக் குறைத்தார். மெட்ஃபார்மின் அப்படியே. ஐப்பசியில் எடுத்த சராசரி 8.1. மாத்திரையைக் குறைத்தும் இறங்கியிருக்கிறது. ஏழுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று இந்த வயதில், தாழ்சர்க்கரை வருகிறவரை விரட்ட வேண்டாம், ஏழரைப் பக்கம் போதும் என்கிறார் டாக்டர்.

குடும்பக் குழுவில் இப்போது எண் வருவதில்லை. அண்ணன் சாயங்காலம் போன் செய்தால் முதலில், “சாப்பிட்டியாம்மா?” அவ்வளவுதான். உடம்பில் ஒட்டுகிற சென்சார் வாங்கித் தருகிறேன் என்றான், 14 நாளைக்கு ஒரு தடவை மாற்றினால் போதுமாம், விரலில் குத்தவே வேண்டியதில்லை. அம்மா பார்க்கலாம் என்றிருக்கிறாள். பழைய நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம் என்று நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். புது நோட்டில் கட்டம் இல்லை. போன சனிக்கிழமை போனபோது கட்டிலில் விரிந்து கிடந்தது. ‘செவ்வாய். பாப்பா வளைகாப்பு. சித்ரான்னம் அஞ்சு, லட்டு பாதி. 261.’ அதற்குக் கீழே: ‘புதன். வெ.வ. 152.’ அதற்கும் கீழே, இன்னும் எண் எழுதாமல்: ‘கார்த்திகை முகூர்த்தம் நாலு இருக்கு. அன்னிக்கு மாத்திரை எத்தனை மணிக்கு? டாக்டரைக் கேக்கணும்.’